டீசலுக்கு ஒப்பானது

ஆய்வக அறிக்கை வந்த அன்று காலை என் தம்பி மகன் ராமநாதபுரத்தில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். செருப்போடு உள்ளே வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் அது தெரியும். உள்ளே வரவும் மனமில்லாமல், திரும்பிப் போகவும் முடியாமல் நின்றவன் கைப்பேசியை நீட்டினான்.

“பெரியப்பா, டீசல்னு எழுதிட்டாங்க.”

“டீசல்னே எழுதியிருக்கானா? முழுசாப் படி.”

படித்தான். சோதித்த அளவில் இந்த எண்ணெய் ஹை ஸ்பீடு டீசலின் குணங்களைக் கொண்டுள்ளது என்று இருந்தது. ‘சோதித்த அளவில்’ என்ற இரண்டு சொற்களை நான் அப்போதே பிடித்துக்கொண்டேன். பிற்பாடு அந்த இரண்டு சொற்களும் என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தெற்கே துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்க அட்டவணையில் சரியான எண்ணைக் கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அதில் எட்டு இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. முந்திரிக்கு ஓர் எண், முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு வேறோர் எண். எண் மாறினால் வரி மாறும். பெரும்பாலும் அவ்வளவுதான், இறக்குமதி செய்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டிவிட்டுப் போவார். ஆனால் பெட்ரோலியப் பொருட்கள் இருக்கும் இருபத்தேழாம் அத்தியாயம் அப்படியல்ல. மசகெண்ணெய் செய்வதற்கான பேஸ் ஆயிலை யார் வேண்டுமானாலும் இறக்கலாம். டீசலை அரசு அனுமதித்த எண்ணெய்க் கம்பெனிகள் தவிர வேறு யாரும் இறக்கக் கூடாது. இறக்கினால் அது தடை செய்யப்பட்ட சரக்கு, கொண்டுவந்தவன் கடத்தல்காரன். இரண்டும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து வடித்தவைதான். இரண்டு பாட்டில்களில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இத்தனை வருஷம் இதிலேயே கிடந்த என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

என் தம்பி மகன் மண்டபம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, விசைப்படகுகளுக்கு கியர் ஆயிலும் கிரீசும் செய்து விற்றுவந்தான். வளைகுடாவிலிருந்து பேஸ் ஆயில் என்று ஒரு முறை வரவழைத்தான். தடையில்லாமல் வந்து சேர்ந்தது. இரண்டாம் முறை ஐந்து கண்டெய்னர்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் யானை படுத்த மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, அது நிறைய எண்ணெய். அந்த ஐந்தைத்தான் துறைமுகத்தில் நிறுத்தி, சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். படகுக்காரர்களுக்கு டீசல் என்று மலிவாக ஊற்றி விற்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நானும் அவனைக் கேட்டேன். “படகுக்கு ஊத்துனியா?”

“சத்தியமா இல்ல பெரியப்பா. கியர் ஆயிலுக்குத்தான் கலந்தேன். போன தடவ வந்ததே கொஞ்சம் தண்ணியாத்தான் இருந்துச்சு. கெட்டி எண்ணெய் சேத்துச் சரிக்கட்டினேன்.”

நம்பினேன். அதிகாரிகளும் ராமேசுவரம் ஜெட்டி வரை போய்ப் படகு படகாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கியர் ஆயில் டின்களைத் தவிர வேறு எதையும் எடுக்கவில்லை. இருந்தாலும் அறிக்கை அறிக்கைதான். அது டீசல் என்று முடிவானால் சரக்கு பறிமுதல். அதோடு கிரிமினல் வழக்கு. ஏழு வருஷம் வரை சிறை. பேஸ் ஆயில் என்று முடிவானால் இரண்டும் இல்லை. அவன் வீட்டில் இருப்பதா உள்ளே இருப்பதா என்பது அந்தப் பைகளில் இருந்த எண்ணெயின் பெயரில் தொங்கியது.

டீசல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு வகுத்த தரத்தில் இருபத்தொரு சோதனைகள் இருக்கின்றன. அறிக்கையை நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் செய்திருந்தார்கள். நிறம் பார்த்திருந்தார்கள், அடர்த்தி பார்த்திருந்தார்கள், எந்தச் சூட்டில் ஆவி தீப்பிடிக்கிறது என்று பார்த்திருந்தார்கள். இஞ்சினுக்குள் போனால் எவ்வளவு சீக்கிரம் எரியும், பிஸ்டனுக்கு வழுவழுப்புக் கொடுக்குமா என்பதைப் பார்க்கவில்லை. அதற்கான கருவி அவர்களிடம் இல்லை. டீசலை டீசல் ஆக்குவதே அந்த இரண்டும்தான். எல்லாச் சோதனையும் செய்யும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்தேன். பிறகு தம்பிக்கும் போன் செய்து சொன்னேன்: விசாரிக்க வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததற்குத் தெரியாது என்று பதில்.

“சரிண்ணே,” என்றான். என் தம்பி எதற்கும் சரிண்ணே என்றுதான் சொல்வான்.

அவன் முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரிலேயே இருக்கிறான். மானாவாரி மிளகாய், கொஞ்சம் பருத்தி, பதினோரு ஆடுகள். மகனுடைய கம்பெனியில் அவன் பெயரும் பங்குதாரர் என்று இருந்தது. வங்கிக்கு நிலம் காட்டியது அவன்தான். அதனால் அவனையும் தேடி வந்தார்கள். அன்று வீட்டுக்கு மிளகாய் வற்றல் வாங்கிவரப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். களம் நிறைய குண்டு வற்றல் சிவந்து காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஜீப்பில் ஆறு பேர் இறங்கினார்கள். நெடி தாங்காமல் ஆறு பேரும் வரிசையாகத் தும்மினார்கள்.

எங்கள் பக்கத்தில் களத்துக்கு ஒரு முறை உண்டு. வற்றல் காயும்போது வெளியாள் ஒருவர் களத்தில் கால் வைத்தால், அவர் வாங்க வந்தவர் என்றுதான் கணக்கு. ஒரு பிடி அள்ளிக் கொடுப்பார்கள். அவர் ஒன்றை ஒடித்து மோந்து பார்த்துக் குறை சொல்வார். சரக்குக்காரன் ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள மாட்டான். தன் களத்தில் நின்றுகொண்டு தன் சரக்கை மட்டம் என்று சொல்லிவிட்டால், கமுதி மண்டியில் அந்த வருஷம் அவன் மூட்டைக்கு விலை கேட்க ஆள் வராது என்று சொல்வார்கள். நிறம் வெளுத்த சோடை வற்றல் பாதிக்குப் பாதி கிடந்தாலும் என் தம்பி அதைக் கையால் மூடிக்கொண்டு பேசுவான். எங்கள் அய்யாவும் அப்படித்தான்.

அதிகாரிகளில் மூத்தவர் ஆட்டுக் கொட்டத்தின் ஓரத்தில் நின்ற நீலப் பேரலைப் பார்த்தார். முதல் தடவை வந்த அதே ரக எண்ணெயில் ஒரு பேரலை மகன் ஊருக்கு அனுப்பியிருந்தான்.

“இது என்னங்கய்யா?”

“நம்ம பய கம்பெனி எண்ணெய் சார். வண்டி அச்சுக்கு, கதவுக்கு, துருப்பிடிக்கிற சாமானுக்குப் போடுறது.”

அதுவரை சரியாகத்தான் போயிற்று.

“இஞ்சின்ல ஊத்துனது உண்டா?”

நான் இருமினேன்.

“ஊத்தாம? பண்ணைக்குட்டையில கிடக்கிற ஆயில் இஞ்சினுக்கு ஊத்தித்தான் ரெண்டு தண்ணி பாச்சுனேன்.”

மறுபடி இருமினேன். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “பெரியவர் யாரு?”

“எங்கண்ணன் சார். ராமநாதபுரத்துல இருக்காரு.”

“பெரியவரே, வத்தல் நெடி உங்களுக்கு ஒத்துக்கல போல. அந்த வேப்பமரத்துப் பக்கம் போய் உக்காருங்க. ஏம்ப்பா, இவருக்குத் தண்ணி குடு.”

வேப்பமரம் இருபது அடி தள்ளி. பேச்சு அங்கேயும் கேட்டது.

“எப்படி ஓடுச்சு?”

“எப்படியா? பங்க் டீசலெல்லாம் இதுக்கிட்டப் பிச்சை எடுக்கணும் சார். சத்தம் இல்ல, பொகை இல்ல, தொட்டா ஸ்டார்ட்டு. வேணும்னா ஒரு பாட்டில் கொண்டுபோங்க, உங்க ஜீப்புக்கு ஊத்திப் பாருங்க.”

சின்ன அதிகாரி ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். தம்பி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, கடைசியில் நெளிவில்லாமல் கையெழுத்துப் போட்டான். வண்டியில் ஏறும்போது அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பை வற்றல் கொடுக்கப் பார்த்தான். வாங்கவில்லை. அது ஒன்றுதான் அன்று அவனுக்கு வருத்தம்.

நான் எழுந்து பண்ணைக்குட்டைக்குப் போனேன். முழங்காலில் வலி, வரப்பு முழுக்கக் கட்டி. ஆயில் இஞ்சின் மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. விலக்கினால், தலைப்பகுதி கழன்று கரி பிடித்துக் கிடந்தது.

“இது ஏன்டா பிரிச்சுக் கிடக்கு?”

“சும்மா, சர்வீசுக்கு.”

“என்னய முட்டாளாக்காத.”

அவன் சாக்கை மறுபடி இழுத்துப் போர்த்தினான். “ரெண்டு தண்ணிதாண்ணே ஓடுச்சு. கரும்பொகையாக் கக்குச்சு. மூணாந் தண்ணிக்கு நாசில் அடைச்சு, பிஸ்டன் பிடிச்சுக்கிருச்சு. முதுகுளத்தூர் மெக்கானிக்கக் கூட்டியாந்தேன். அவன்கிட்ட வயசான இஞ்சின்னு சொல்லிட்டேன்.”

“அட பாவி, அதச் சொல்லியிருந்தா உன் மகன் தப்பிச்சிருப்பானேடா. அது டீசல் இல்லன்னு நம்ம சொல்றதுக்கு அத விட என்ன சாட்சி வேணும்?”

“களத்துல வந்து நிக்கிறவன்கிட்ட எம் புள்ள சரக்கு மட்டம்னு நான் எப்படிண்ணே சொல்லுவேன்?”

அந்தப் பழைய மெதுவான இஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினாலும் கொஞ்ச நேரம் ஓடும்; கடலை எண்ணெய் ஊற்றினாலும் ஓடும். ஓடியது என்பது எதையும் நிரூபிக்காது. ஆனால் தாளில் எழுதிக் கையெழுத்தான பிறகு அது வேறு பொருள் ஆகிவிடுகிறது. மறுநாளே போய் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்று கெஞ்சினேன். நேற்று ஒன்று இன்று ஒன்று சொல்ல நான் என்ன ஏலக்காரனா என்று கேட்டான். அவன் மகன் போனில் கேட்டபோதும் அதையே சொன்னான்.

அடுத்த வாரம் மகனை விசாரணைக்கு அழைத்து, அங்கேயே கைது செய்தார்கள். ஆய்வக அறிக்கையையும் தகப்பனின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் படித்தால் இது டீசலேதான் என்பது அவர்கள் காட்டிய காரணம். நானும் தம்பியும் சிறைக்குப் பார்க்கப் போனோம். இருவரில் ஒருவர்தான் கம்பிவலைப் பக்கம் போகலாம் என்றார்கள். பிறகு என் வயதைப் பார்த்து இருவரையும் விட்டார்கள். மகனுக்குக் கன்னத்தில் தாடி வந்திருந்தது. இஞ்சின் விஷயத்தை வக்கீல் மூலம் நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

“அய்யா, இஞ்சின் பிடிச்சுக்கிச்சாமே?”

“யாரு சொன்னா? அது பழைய இஞ்சின்லே.”

“போன வருசந்தானேய்யா இஞ்சினுக்குப் புதுசா போரிங் பண்ணுனோம்?”

கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை வார்டன் ஒவ்வொன்றாக விரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளே இருந்துவிட்டு மகன் ஜாமீனில் வந்தான். திங்கள்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அதனால் ஊருக்கே வந்துவிட்டான். தகப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு நின்றது. “சாப்பிட வரச் சொல்லு,” என்று தம்பி தன் மனைவியிடம் சொல்வான். “பசிக்கலைன்னு சொல்லும்மா,” என்று மகன் தாயிடம் சொல்வான். இருவருக்கும் நடுவில் நான்கு அடி தூரம் இருக்கும்.

மறுசோதனை கேட்ட என் மனுவை மறுத்துவிட்டார்கள். செய்த சோதனை போதுமானது என்று ஒரே வரி. பிறகு, சரக்கை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று கேட்டு நீளமான நோட்டீஸ் வந்தது. வழக்கைத் துறைமுக ஊரில் இருந்த ஒரு பெண் வக்கீலிடம் கொடுத்தோம். நாற்பது வயது இருக்கும். வெடுக்கென்று பேசுவார், வேலையில் கெட்டி. அவர் அறையில் நாற்காலிகள் ஐந்து, அதில் மூன்றுக்குக் கால் ஆட்டம். நான் ஆடாத ஒன்றைத் தேடி உட்கார்ந்தேன்.

“விசாரணை அன்னைக்கு உங்க தம்பி அந்த வாக்குமூலத்த மாத்திச் சொல்லணும் சார். இஞ்சின் பாழாப் போச்சுன்னு அவரு வாயாலயே வரணும். மெக்கானிக் பிரயோஜனம் இல்ல, இவரே அவன்கிட்ட வேற சொல்லியிருக்காரு.” பிறகு தம்பியைப் பார்த்தார். “ஐயா, எங்க, ஒரு தடவ சொல்லுங்க. ‘அந்த எண்ணெய் மட்டம், என் இஞ்சினக் கெடுத்துருச்சு.’”

தம்பி வேட்டி நுனியைத் திருகினான். “வேற மாதிரி சொல்லலாமாம்மா?”

“எப்படி?”

“ரகம் வேற. இஞ்சினுக்கு அது சேரல. அப்படின்னு.”

“ஐயா, நம்ம வத்தல் விக்கப் போகல. நீங்க நல்லாருக்குன்னு சொல்லச் சொல்ல உங்க மகனுக்கு வருசம் கூடுது. மட்டம்னு சொல்லுங்க. காறித் துப்புங்க. நாறுதுன்னு சொல்லுங்க.”

“நாத்தமெல்லாம் இல்லம்மா,” என்றான் தம்பி.

மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

விசாரணை அன்று நாங்கள் மூவரும் சாயல்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் போனோம். மகன் முன்னால் டிரைவர் பக்கம் உட்கார்ந்தான். பின்னால் எங்கள் இருக்கையில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை; கடற்கரை மணல் வந்து முகத்தில் அடித்தது. நான் தம்பியிடம் பொறுமையாக, கோபப்படாமல், கேட்டேன். உன் மகன் கடத்தல்காரன் என்று பெயர் வாங்கி உள்ளே போவது உனக்குச் சம்மதமா?

“அண்ணே, நம்ம கடக்கரையில கடத்தாதவன் எத்தன பேரு? கடத்தல்ங்கிறது கவர்மெண்டோட சண்டை. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாலும் ஊருல கூப்பிட்டு உக்கார வைப்பான். மட்டச் சரக்க வித்தான்னா அது ஊரோட சண்டை. எந்தப் படகுக்காரன் அதுக்கப்புறம் இவன்கிட்ட ஒரு டின்னு வாங்குவான்? எவன் பொண்ணு குடுப்பான்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஏழு வருஷம் உள்ளே இருப்பவனிடம் யார் டின் வாங்குவார்கள், யார் பெண் கொடுப்பார்கள்? சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டான். “சொல்லிறேண்ணே,” என்றான், குளத்தூர் தாண்டும்போது. எனக்கு மூச்சு வந்தது.

விசாரித்து உத்தரவு போட வேண்டிய சுங்க அதிகாரியின் அறை குளிர்ந்திருந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார்; மரியாதை தெரிந்தவர். எங்களுக்கு டீ வரவழைத்தார். வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். இருபத்தொன்றில் ஒன்பது, மீதிப் பன்னிரண்டு எங்கே என்று கேட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார். சட்டப்படி எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை, எந்தப் பொருளுக்கு மிகவும் ஒப்பாக இருக்கிறதோ அந்தப் பொருளாகக் கொள்ளலாம் என்று துறையின் பக்கம் சொன்னார்கள். அதையும் குறித்துக்கொண்டார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அந்த எண்ணெய் இஞ்சின்ல அருமையா ஓடுச்சுன்னு அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப அது தப்புன்னு உங்க வக்கீல் சொல்றாங்க. யாரும் உங்கள அடிச்சு வாங்கலையே?”

“இல்ல சார். மரியாதையாத்தான் கேட்டாங்க.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. உங்க மகன் கொண்டுவந்த எண்ணெய் நல்ல எண்ணெயா, கெட்ட எண்ணெயா?”

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். மகன் அந்த அறையில் முதல் தடவையாகத் தகப்பன் முகத்தை நேராகப் பார்த்தான். தம்பிக்கு முன்னால் மேசையில் எங்கள் சாம்பிள் பாட்டில்களில் ஒன்று அரக்குச் சீலோடு நின்றது. ஜன்னல் வெளிச்சம் பட்டு எண்ணெய் தேன் மாதிரி தெரிந்தது. தம்பி அதையே பார்த்தான். அந்தப் பாட்டிலை யாராவது எடுத்து உள்ளே வைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“இஞ்சின் நின்னு போச்சு சார். அது வாஸ்தவம்.”

“எதனால?”

நான் அவன் வாயைப் பார்த்தேன். அது திறந்து மூடியது.

“பழைய இஞ்சின் சார். எண்ணெயில குத்தமில்ல.”

அவ்வளவுதான். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. வக்கீல் வாதத்தை எடுத்து நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. வெளியே வராந்தாவில் மகன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தனியாகப் பஸ் பிடித்துப் போய்விட்டான்.

உத்தரவு வந்தது. டீசலுக்கு மிகவும் ஒப்பானது, ஆகவே டீசல், ஆகவே பறிமுதல். தகப்பன் களத்தில் சொன்னதும் விசாரணையில் சொன்னதும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாக ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார்கள். கிரிமினல் வழக்கு அந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தேதி வாங்குவதுதான். திங்கள்கிழமைக் கையெழுத்து மட்டும் நிற்கவில்லை. நடுவில் ஒரு மழைக்காலத்தில் பெய்யவில்லை. அடுத்த வருஷம் பெய்து மிளகாய்ச் செடி அழுகியது. படகுக்காரர்கள் வேறு கம்பெனி கியர் ஆயிலுக்கு மாறிவிட்டார்கள். மகனுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது, வழக்கு என்றதும் திரும்பிப் போயிற்று. தகப்பன் பயந்தது வேறு வழியில் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் நான் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது வக்கீல் போனில் கூப்பிட்டார். சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு.

“சார், உங்க சரக்கு ஃபெயில்! பிரமாதமா ஃபெயில்!”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பறிமுதல் செய்த சரக்கை அரசு விற்றாக வேண்டும். டீசல் என்று உத்தரவு போட்டுவிட்டதால் அதை எண்ணெய்க் கம்பெனிக்குத்தான் தள்ள முடியும், வேறு யாருக்கும் ஏலம் விட முடியாது. எண்ணெய்க் கம்பெனியோ வாங்குமுன் தன் ஆய்வகத்தில் முழுச் சோதனையும் செய்திருக்கிறது. இருபத்தொன்றில் ஆறு தேறவில்லை. எரியும் வேகமும் வழுவழுப்பும் அந்த ஆறில் இருந்தன. இதை டீசலாக வாங்க இயலாது என்று திருப்பிவிட்டார்கள். டீசலென்று பறிமுதல் செய்ததை டீசலென்று யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

“இது போதும் சார். தீர்ப்பாயத்துல இத வச்சே முடிச்சிரலாம்.”

அன்றே ஊருக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். தம்பி ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தான். மகன் கட்டிலில் படுத்திருந்தான். இருவருக்கும் கேட்கும்படி ஒரு தடவை சொன்னேன். மகன் எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தான். சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. தம்பி கயிற்றை முடிந்துவிட்டுக் கேட்டான்:

“எத்தனைல தேறலயாம்?”

“ஆறுல.”

“கம்பெனிக்காரனே எழுதிட்டானா?”

“எழுதிட்டான்.”

ஆடுகளின் பக்கம் போய்விட்டான்.

தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. டீசல் என்று நிரூபிக்கப்படவில்லை. அதைப் பிடித்திருந்த கிரிமினல் வழக்கும் விழுந்தது. வக்கீல் இனிப்புப் பெட்டி கொடுத்தார். எனக்குச் சர்க்கரை; தொடவில்லை. சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் கண்டெய்னர்கள் கிடந்த துறைமுக யார்டின் வாடகை அதற்குள் சரக்கின் விலையைத் தாண்டி எங்கோ போயிருந்தது. பைகள் வெயிலில் உப்பியிருக்கும். சரக்கும் எதற்கும் உதவாது. சட்டத்தில் ஒரு வழி இருந்தது: சரக்கின் மேல் எனக்கு உரிமை வேண்டாம் என்று உடையவன் எழுதிக் கொடுத்துவிடலாம். மகன் அதைத்தான் செய்வேன் என்றான். எந்தப் பெயருக்காக இத்தனை வருஷம் அலைந்தானோ அந்தப் பெயர் கிடைத்த பிறகு, சரக்கையே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க மறுபடி துறைமுகத்துக்குப் போனோம். பங்குதாரர் என்பதால் தம்பியும் கையெழுத்துப் போட வந்தான். அன்றும் அப்பன் ஓர் இருக்கை, மகன் ஓர் இருக்கை.

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் தம்பி, கண்டெய்னரைப் பார்க்க முடியுமா என்று என்னிடம் கேட்டான். உள்ளே விட மாட்டார்கள் என்றேன். யார்டின் கம்பி வேலி வரை நடந்தோம். உள்ளே சிவப்பும் நீலமும் பழுப்புமாகக் கண்டெய்னர்கள் நான்கு அடுக்கு, ஐந்து அடுக்கு நின்றன. எண்ண ஆரம்பித்து, இருநூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டேன்.

தம்பி வேலியில் விரலைக் கோத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, என்னைப் பார்க்காமல், நேராக மகனிடமே கேட்டான்.

“இதுல எதுலே நம்மது?”

மகன் வேலியை நெருங்கி எட்டிப் பார்த்தான். “தெரியலய்யா. மாத்தி மாத்தி அடுக்கியிருப்பாங்க.”

“கசிஞ்சிருக்குமோ?”

“கசிஞ்சிருக்கும்.”

லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. தம்பி துண்டால் வாயைத் துடைத்தான்.

“அந்த நாட்டுக்காரன் உனக்கு மட்டத்தத் தள்ளிவிட்டான்லே. நல்லா ஏமாந்துட்ட.”

“ஆமாய்யா,” என்றான் மகன்.

காவலாளி வந்து, இங்கே நிற்கக் கூடாது என்று சொன்னார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். என் முழங்கால் வலிக்கு அந்த வேகம் ஒத்துவராது, பின்னாலேயே வந்தேன்.